பல பாதுகாப்புப் பணிகள், ஒரே ஏஜென்சி: வடசென்னை வணிக இடங்களுக்கான கேள்வி-பதில்

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம் வட்டாரங்களில் குடோன், கன்டெய்னர் யார்டு, சிறு தொழிற்சாலை, மொத்த வியாபாரக் கடை ஆகியவற்றை நடத்துகிறவர்களில் பலர் காவலாளிக்கு ஓர் ஏஜென்சி, கேமராவுக்கு ஒரு கடைக்காரர், அலாரத்துக்கு இன்னொருவர், தீயணைப்பான் நிரப்ப வேறொருவர் என்று வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறார்கள். இவை அனைத்தையும் ஒரே நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவரலாமா, கொண்டுவந்தால் என்ன கிடைக்கும், எங்கே ஏமாறுவோம் என்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. இதை எழுதுபவன் மணலியில் ஒரு குடோனின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவன். இப்போது சில உரிமையாளர்களுக்காகப் பாதுகாப்பு ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்பவன். ஏஜென்சி எதையும் நடத்துபவன் அல்லன்.

ஒரே ஏஜென்சியிடம் ஒப்படைப்பது என்றால் எதையெல்லாம் ஒப்படைப்பது?

கேட்டில் நிற்கும் காவலாளி, வண்டிகளுக்கான கேட் பாஸ், இரவு ரவுண்ட்ஸ், சிசிடிவி கேமராக்களும் அவற்றின் பதிவுக் கருவியும், திருட்டு அலாரம், ஆட்கள் உள்ளே வர வைத்திருக்கும் பயோமெட்ரிக் கருவி, தீயணைப்புச் சாதனங்களின் பராமரிப்பு, இவற்றையெல்லாம் மேற்பார்க்கும் சூப்பர்வைசர் என்று பட்டியல் நீளும். ஆனால் பட்டியலைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஒரே பில் வருவது வேறு. ஒரே பொறுப்பு இருப்பது வேறு. நான்கு பேரிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நான்கு பில்லையும் தன் லெட்டர்ஹெட்டில் சேர்த்து அனுப்புகிறவரை ஒருங்கிணைப்பாளர் என்று சொல்ல முடியாது, அவர் தரகர். இரவு இரண்டு மணிக்கு ஏதேனும் நடந்தால் எந்தப் பிரிவின் கோளாறு என்று உங்களைக் கேட்காமல் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதர், பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது தனித்தனியாக வைத்திருக்கிறோம், ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

எங்கள் குடோனிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்பக்கக் கேட்டை நோக்கிய கேமரா பதினொரு நாட்களாகக் கறுப்பாகவே இருந்தது. அந்தப் பதினொரு இரவும் காவலாளி ரிஜிஸ்டரில் "பின் கேட் கேமரா வேலை செய்யவில்லை" என்று ஒழுங்காக எழுதிவைத்திருந்தார். அந்த ரிஜிஸ்டரைக் கேமராக்காரர் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. அதே பக்கத்து அலாரத்தைப் பெருச்சாளிகள் இரவெல்லாம் அலறவைத்ததால், யாரோ ஒருவர் சைரனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தார். அது அலாரக்காரருக்குத் தெரியாது. மாதக் கடைசியில் சரக்கைக் கணக்கெடுத்தபோது ஏழு செப்புக் கம்பிச் சுருள்கள் குறைந்தன. மூன்று பேரையும் அழைத்து உட்காரவைத்தோம். மூவரும் தத்தம் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால் மூவர் சொன்னதும் சரிதான். காவலாளி எழுதவேண்டியதை எழுதியிருந்தார். கூப்பிட்டால் வருவதுதான் கேமராக்காரரின் ஒப்பந்தம். கருவி பழுதடையவில்லை என்பதை அலாரக்காரர் அங்கேயே நிரூபித்தார். ஒவ்வொருவரின் எல்லையும் முடியும் இடத்தில் ஒரு சந்து இருந்தது, சரக்கு அந்தச் சந்து வழியாகப் போயிருந்தது.

ஒரே ஏஜென்சி வந்தால் திருட்டே நடக்காது என்று சொல்ல வரவில்லை. ரிஜிஸ்டரில் எழுதப்பட்ட வரி, பழுது பார்ப்பவரிடம் மறுநாள் காலைக்குள் போய்ச் சேர்வது ஒருவருடைய வேலையாகிவிடும் என்பதுதான் இதில் கிடைக்கும் உண்மையான பலன்.

ராயபுரத்தில் கடை, மணலியில் குடோன், மீஞ்சூர்ப் பக்கம் ஒரு யார்டு என்று மூன்று இடம் இருக்கிறது. மூன்றையும் ஒரே ஏஜென்சி கவனிக்க முடியுமா?

முடியும்; ஆனால் மூன்றும் மூன்று விதமான இடங்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பாரிமுனை, ராயபுரம் தெருக்களில் ஆள் நடமாட்டம்தான் சிக்கல்: லோடுமேன், மீன்பாடி வண்டி, வாடிக்கையாளர், பக்கத்துக் கடைக்காரர் என்று யார் எதற்காக நிற்கிறார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். மணலியிலும் சாத்தாங்காட்டிலும் பகலில் டிரெய்லர் போக்குவரத்து, இரவில் ஆளரவமற்ற நீண்ட மதில். மீஞ்சூர் யார்டில் ஏதேனும் நடந்தால் ராயபுரத்திலிருந்து உதவி போய்ச் சேர, எண்ணூர் விரைவுச்சாலையிலோ மணலி ஆயில் ரிஃபைனரி சாலையிலோ கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால், எத்தனை நேரம் ஆகும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே "எங்கள் ரோந்து வண்டி மூன்று இடத்துக்கும் வரும்" என்ற வாக்குறுதியை அப்படியே ஏற்காமல், மாலை ஆறு மணிக்கும் இரவு இரண்டு மணிக்கும் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

காவல்துறை எல்லையும் கவனிக்கத்தக்கது. 2022 ஜனவரியில் சென்னை மாநகரக் காவல், சென்னை, ஆவடி, தாம்பரம் என்று மூன்று ஆணையரகங்களாகப் பிரிந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை சென்னை ஆணையரகத்தில் இருக்கின்றன. மணலி, எண்ணூர், மீஞ்சூர், செங்குன்றம் ஆவடி ஆணையரகத்தில் வருகின்றன. மாநகராட்சிக் கணக்கில் மணலி சென்னையின் 2-ஆவது மண்டலம் என்பதால் காவல் எல்லையும் அதேதான் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் எந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதைக் காவலர் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது ஏஜென்சியின் முதல் நாள் வேலையாக இருக்கட்டும். 112-ஐ அழைத்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் புகார் எழுதிக் கொடுக்க நேரில் போகும்போது தவறான நிலையத்தில் அரை நாள் போய்விடும்.

உரிமத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

காவலாளிகளை அனுப்பும் எந்த நிறுவனமும் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-இன் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். உரிமமின்றி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. பலரும் நிறுவனத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார்கள். வடசென்னைக்காரர்கள் மூன்றாவதாக ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு, ஐந்து மாவட்டங்கள் வரை, மாநிலம் முழுவதற்கும் என்று உரிமக் கட்டணம் முறையே 5,000, 10,000, 25,000 ரூபாயாகச் சட்டத்திலேயே பிரிக்கப்பட்டிருக்கிறது. ராயபுரம் சென்னை மாவட்டம். மீஞ்சூரும் அத்திப்பட்டும் திருவள்ளூர் மாவட்டம். சென்னைக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர் உங்கள் மீஞ்சூர் யார்டில் ஆள் நிறுத்தினால் அந்த ஆளுக்கு உரிமத்தின் நிழல் இல்லை.

பயிற்சியையும் கேளுங்கள். மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளின்படி ஒரு காவலருக்கு 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும்; முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னாள் காவலர்களுக்கும் இது குறைவு. அதே விதிகளில், 15 காவலருக்கு ஒரு சூப்பர்வைசர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, காவலர்கள் வெவ்வேறு இடங்களில் சிதறியிருந்து ஒருவரால் மேற்பார்க்க இயலாதபோது ஆறு பேருக்கு ஒருவராவது வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பல இடங்களை ஒரே ஏஜென்சியிடம் கொடுப்பவருக்கு இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும். கொட்டேஷனில் வருவதோ பெரும்பாலும் முதல் கணக்கு.

இன்னொன்று: இந்த உரிமம் காவல் பணிக்கானது. கேமரா பொருத்தவோ தீயணைப்புக் குழாயைப் பராமரிக்கவோ அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று ஆகாது.

கேமரா வேலையை அவர்கள் வேறு ஆளுக்கு உள்குத்தகை கொடுத்தால்?

கொடுப்பார்கள்; அதில் தவறு இல்லை. யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதை எழுத்தில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆள் மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர் செய்யும் பிழைக்கு ஏஜென்சியே பொறுப்பு என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருந்தால் போதும். காவலாளிகளை மட்டும் உள்குத்தகைக்கு விட அனுமதிக்காதீர்கள். சீருடையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் இன்னொரு பெயர் இருக்கும் ஆளை நிறுத்திவிட்டு விபத்து நேர்ந்தால், யாருடைய தொழிலாளி என்ற வழக்கிலேயே வருடங்கள் ஓடும்.

மாதச் செலவு குறையுமா?

இதற்கு ஆம் என்று பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பாதுகாப்புச் செலவில் பெரும்பகுதி மனிதர்களின் சம்பளம். அதை ஒருங்கிணைப்பால் குறைக்க முடியாது. ஒரு கேட்டில் நாள் முழுவதும், வாரம் முழுவதும் ஒருவர் நிற்க வேண்டுமானால், எட்டு மணி நேர ஷிப்டில் வாரத்துக்கு 21 ஷிப்ட் வருகிறது. ஒருவர் வாரத்தில் ஆறு நாள்தான் வேலை செய்வார் என்பதால் அந்த ஒரே இடத்துக்கு மூன்றரை ஆள் வேண்டும். "மூன்று ஆள் போதும் சார்" என்று சொல்பவர், மிச்ச அரை ஆளை யாரோ ஒருவருடைய டபுள் டியூட்டியிலிருந்து எடுக்கிறார். பகல் முழுவதும் வியாசர்பாடியில் நின்றுவிட்டு இரவு உங்கள் மதிலோரம் நாற்காலியில் தூங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரை அங்கே அனுப்பிய கணக்கைத்தான் குறை சொல்வேன்.

அதன் மேல் வருபவை: தமிழக அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாறும் அகவிலைப்படி, பி.எஃப்-இல் முதலாளி பங்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ-இல் 3.25 சதவீதம், சீருடை, விடுப்பு, போனஸ், ஏஜென்சியின் நிர்வாகக் கட்டணம். இவற்றைக் கூட்டிவைத்துக்கொண்டு கொட்டேஷனைப் படியுங்கள்; கூட்டுத்தொகையைவிடக் குறைவாக ஒருவர் தருகிறார் என்றால் வித்தியாசம் காவலாளியின் சட்டைப்பையிலிருந்து வருகிறது.

ஜி.எஸ்.டி-யிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காவல் பணிக்கு வரி 18 சதவீதம். ஏஜென்சி கம்பெனியாக இல்லாமல் தனிநபர் நிறுவனமாகவோ பங்குதாரர் நிறுவனமாகவோ இருந்து, நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால், 2019 ஜனவரி முதல் காவலாளிகளை வழங்கும் பணிக்கான வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டும். கேமராப் பராமரிப்புக்கு இது பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே தொகையாக "பாதுகாப்புச் சேவை" என்று போட்டு வரும் பில்லை ஏற்காமல், காவலாளிக்குத் தனித் தொகை, கேமராவுக்குத் தனித் தொகை, தீயணைப்புக்குத் தனித் தொகை என்று பிரித்து வாங்குங்கள். உங்கள் கணக்காளர் உங்களை வாழ்த்துவார்.

மிச்சமாவது எங்கே என்று கேட்டால்: உங்கள் மேலாளர் நான்கு பேரைத் தொலைபேசியில் துரத்தும் நேரம், நான்கு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தம், இரண்டு பேர் இரண்டு முறை இழுத்த ஒரே கேபிள். சில இடங்களில் நல்ல கேமராவும் வெளிச்சமும் வந்தபின் இரவில் நிற்கும் இரண்டாவது ஆளைக் குறைக்க முடிகிறது. அது இடத்தைப் பொறுத்தது.

ஏஜென்சி காவலாளிகளுக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் நாங்கள் கொடுக்க வேண்டியிருக்குமா?

ஆம். ஒப்பந்தக்காரர் ஊதியம் தரத் தவறினால் வேலை வாங்கிய முதன்மை முதலாளி அதைக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதுதான் தொழிலாளர் சட்டத்தின் நிலை. ஆகவே ஒவ்வொரு மாதப் பில்லுடனும் முந்தைய மாதத்தின் சம்பள வங்கிப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்திய ரசீது, அதில் உங்கள் இடத்தில் நின்றவர்களின் பெயர்கள் ஆகியவை வந்தால்தான் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களுக்கு ஒரே ஏஜென்சி என்னும்போது ரசீது மொத்தமாக வரும். பெயர்ப் பட்டியல் இல்லாத ரசீதால் பயன் இல்லை.

கேமராப் பதிவும் கடவுச்சொல்லும் யாரிடம் இருக்க வேண்டும்?

உங்களிடம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏஜென்சிக்குப் பார்க்கும் அனுமதி கொடுங்கள், பராமரிக்கும் அனுமதி கொடுங்கள். எல்லாவற்றையும் மாற்றவும் அழிக்கவும் வல்ல முதன்மைக் கடவுச்சொல் உரிமையாளரிடம், மூடிய உறையில், பெட்டகத்தில் இருக்கட்டும். காவலாளியும் கேமராவும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் வரும் பெரிய ஆபத்து இதுதான்: வேலியே பயிரை மேய்ந்தால், மேய்ந்ததைக் காட்டும் பதிவும் வேலியின் வசம் இருக்கும்.

எத்தனை நாள் பதிவு வைப்பது என்பதை ஏஜென்சியைக் கேட்காமல் உங்கள் வியாபாரத்தைக் கேளுங்கள். சரக்கு இறங்கிய இடத்தில் எண்ணிக்கை குறைவு என்ற புகார் ஒரு மாதம் கழித்து வரக்கூடிய தொழிலில் பதினைந்து நாள் பதிவு வீண். கணக்கு எளிது: ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி. பதினாறு கேமராவுக்கு முப்பது நாள் என்றால் பத்து டிபிக்கு மேல் வேண்டும். நான்கு டிபி ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுவிட்டு "ஒரு மாதம் இருக்கும்" என்பவர், பன்னிரண்டாவது நாளுக்கு முன்பே பழையதன் மேல் எழுதத் தொடங்கும் கருவியை விற்கிறார்.

கடிகாரம். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் சம்பவத்தில் பதிவுக் கருவியின் நேரம் நாற்பது நிமிடம் பிந்தியிருந்தது. கேட் ரிஜிஸ்டரில் வண்டி வெளியேறிய நேரமும் திரையில் தெரிந்த நேரமும் ஒத்துவராததால், எந்த வண்டி எந்த வரி என்று பொருத்திப் பார்க்கவே இரண்டு நாள் ஆனது. கேமரா, பயோமெட்ரிக், அலாரம், எடைமேடைக் கணினி, காவலர் அறைச் சுவர்க்கடிகாரம் ஆகிய எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்து ரிஜிஸ்டரில் கையெழுத்திடுவதை ஏஜென்சியின் வேலையாக எழுதுங்கள். ஒருங்கிணைப்பு என்ற பெரிய சொல்லுக்கு இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள செயல் எனக்குத் தெரியாது.

பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுக்க வேண்டுமானால், இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம், 2023-இன் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். நகலின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்ணும், அதில் இடம்பெற வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஒருவர் ஏஜென்சியில் இருக்கிறாரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். விரல்ரேகை, முகப்பதிவு ஆகியவை தனிநபர் தரவு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி, உங்களுக்காக வேறொருவர் தரவைக் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையதே; ஏஜென்சியைக் காட்டித் தப்ப முடியாது.

காவலாளி திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால்?

இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023-இன் 40-ஆவது பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றத்தைத் தன் கண்முன் செய்பவரைப் பொதுமக்களில் எவரும் பிடிக்கலாம் என்கிறது. பிடித்தவரைத் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். காவலாளிக்கு இதைத் தாண்டிய தனி அதிகாரம் கிடையாது. அறையில் பூட்டி அடித்து விசாரிப்பது குற்றம். அந்த வழக்கில் இடத்தின் உரிமையாளரும் இழுபடுவார். பெண் தொழிலாளர்களைச் சோதிக்க வேண்டிய இடத்தில் பெண் காவலர் இல்லாமல் சோதனை வேண்டாம். காவல்துறை, ராணுவச் சீருடையைப் போன்ற உடையைத் தனியார் காவலர் அணிவதும் தண்டனைக்குரியது.

மழை, வெள்ளம், வாயுக்கசிவு நேரங்களில் பாதுகாப்பு ஏஜென்சிக்கு என்ன வேலை?

இந்த வட்டாரத்தில் திருட்டைவிட இதுதான் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் நீர் புகுந்தது, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். இவையெல்லாம் இரவும் பகலும் கேட்டில் விழித்திருக்கும் ஒருவருக்குத்தான் முதலில் தெரியும்.

அப்போது அவர் செய்ய வேண்டியது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். வாயு வாடை அடித்தால் கொடியையோ புகையையோ பார்த்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அறிந்து, காற்றுக்குக் குறுக்காக விலகி, கசிவுக்கு எதிர்க்காற்றுப் பக்கமாக ஆட்களை நகர்த்த வேண்டும்; காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு அந்த நேரத்தில் இருக்கும் ஒரே ஆவணம் கேட் ரிஜிஸ்டர். லாரி ஓட்டுநரின் உதவியாளர், இரவில் தங்கிவிட்ட லோடுமேன், அவர்களைப் பார்க்க வந்த உறவினர் ஆகியோர் அதில் இல்லையென்றால் தேடுவதற்கு ஆளே இல்லை. பயோமெட்ரிக் கருவி நிரந்தரத் தொழிலாளியை மட்டும் அறியும். ஆகவே பயோமெட்ரிக் பட்டியலையும் கேட் ரிஜிஸ்டரையும் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை சேர்த்து எண்ணி, "இரவில் உள்ளே இருப்போர்" என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டில் வைப்பது நல்லது. இரண்டும் இரண்டு நிறுவனங்களின் கையில் இருந்தால் இது நடப்பதில்லை; ஒரே ஏஜென்சியிடம் இருந்தால் நடத்திவைக்கலாம்.

ஐப்பசிக்கு முன்பே செய்ய வேண்டியவை: பதிவுக் கருவியையும் யு.பி.எஸ்-ஐயும் தரையிலிருந்து இடுப்பளவுக்கு மேல் ஏற்றுவது, மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உண்மையிலேயே இணைப்பைத் துண்டித்துப் பார்ப்பது, காவலர்களுக்கு டார்ச், ரப்பர் பூட்ஸ், குடிநீர், இரண்டு நாள் உணவு வைப்பது. மாற்று ஆள் வர முடியாத நாளில் நிற்கிறவரே தொடர்ந்து நிற்பார். அவருக்குக் கூடுதல் ஊதியம் எவ்வளவு என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கடலோரத்தில் கேமரா சீக்கிரம் கெட்டுப்போகிறதே?

உப்புக்காற்றுதான் காரணம். இணைப்புக் கம்பிகளின் முனைகளும் பொருத்திய ஆணிகளும் முதலில் துருப்பிடிக்கும். காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் துருப்பிடிக்காத எஃகு ஆணிகள், மூடிய இணைப்புப் பெட்டி, மாதம் ஒருமுறை கண்ணாடித் துடைப்பு ஆகியவற்றைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிச் சேருங்கள்.

துறைமுகத்துக்குள்ளும் கன்டெய்னர் நிலையங்களிலும் இதே ஏற்பாடு செல்லுமா?

துறைமுகத்துக்குள் செல்லாது. சென்னைத் துறைமுகத்திலும் காமராஜர் துறைமுகத்திலும் காவல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் கையில் இருக்கிறது; 2004 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. வெளியே உள்ள கன்டெய்னர் நிலையங்களில் தனியார் ஏஜென்சி நிற்கலாம். ஆனால் சுங்கத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நிலையத்தின் பொறுப்பாளரே. கன்டெய்னர் கதவில் இருக்கும் சீல் எண்ணைப் படித்து எழுதத் தெரியாத காவலாளி அங்கே இருந்தும் இல்லாதவர். 2020 ஆகஸ்டில் லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகக் கிடங்கில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான், மணலி அருகே ஒரு நிலையத்தில் 37 கன்டெய்னர்களில் அதே ரசாயனம் ஏறத்தாழ 700 டன் ஆண்டுக்கணக்கில் கிடப்பது ஊருக்குத் தெரிந்து, ஹைதராபாத்துக்கு அகற்றப்பட்டது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதைக் கேட்டில் நிற்பவரும் அறிந்திருப்பது தேவை.

எல்லாவற்றையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவர் கைவிட்டால்?

நியாயமான அச்சம். இதற்காகவே இரண்டைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒன்று, மேலே சொன்ன முதன்மைக் கடவுச்சொல். மற்றொன்று, தணிக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்சிக்குத் தொடர்பில்லாத ஒருவர், முன்னறிவிப்பின்றி, இரவு இரண்டு மணிக்கு வந்து மதிலைச் சுற்றி நடந்து, அலாரத்தைச் சோதித்து, தீயணைப்பானின் தேதியைப் பார்த்து, ரிஜிஸ்டரின் கடைசி வரியைப் படிக்கட்டும். தன் பிழையைத் தானே அறிக்கையாக எழுதும் நிறுவனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

விலகும் விதியையும் சேரும்போதே எழுதுங்கள். கேமராவும் கேபிளும் யாருடைய சொத்து, பழைய பதிவுகளை எந்த வடிவில் தருவார்கள், புது ஏஜென்சியோடு எத்தனை நாள் சேர்ந்து நிற்பார்கள் என்பவற்றைச் சண்டை வந்தபின் பேச முடியாது. "சாதனங்களை இலவசமாகப் போட்டுத் தருகிறோம், மூன்று ஆண்டு ஒப்பந்தம் போதும்" என்பது கவர்ச்சியான ஏற்பாடு. மூன்று ஆண்டும் அவர்களை மாற்ற முடியாது என்பதுதான் அதன் விலை.

மாறுவதை எங்கிருந்து தொடங்குவது?

ரிஜிஸ்டரிலிருந்து. எல்லா இடத்துக்கும் ஒரே வடிவில் கேட் ரிஜிஸ்டர், ஒரே வடிவில் பழுதுப் பதிவேடு அச்சடித்து, இப்போதுள்ள நான்கு பேரையும் ஒரு மாதம் அதில் எழுதவையுங்கள். எந்தச் சந்தில் எது விழுகிறது என்பது அந்த ஒரு மாதத்தில் கறுப்பு மையில் தெரிந்துவிடும். புது ஏஜென்சியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. பிறகு ஒரே ஓர் இடத்தை மட்டும், முடிந்தால் மழைக்காலத்துக்கு முன், மாற்றிப் பாருங்கள். சில உரிமையாளர்கள் அந்த ஒரு மாத ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, ஏஜென்சியை மாற்றாமலேயே தங்கள் மேலாளருக்கு ஓர் உதவியாளரை வைத்துச் சரிசெய்துகொண்டார்கள். அதுவும் சரியான முடிவுதான்.

சௌகார்பேட்டையில் ஒரே ஒரு கடை வைத்திருப்பவருக்கு இது தேவையா?

தேவையில்லை. நல்ல ஷட்டர், இரண்டு கேமரா, பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து தெருவுக்கு ஓர் இரவுக் காவலாளி, அவருக்கு நேரத்தில் சம்பளம். தங்கசாலைத் தெருவிலும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் அளவு அவ்வளவுதான்.

காவலாளிகள் பலர் வடமாநிலத்தவர். மொழிச் சிக்கலுக்கு என்ன செய்வது?

அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பல கேட்டுகளில் நிற்கிறார்கள், பொறுப்பாகவும் நிற்கிறார்கள். ஆனால் தமிழ் மட்டும் தெரிந்த ஓட்டுநரும் தமிழ் தெரியாத காவலாளியும் நள்ளிரவில் ஒரு கேட் பாஸை வைத்துக்கொண்டு பேச முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஷிப்டிலும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். ரிஜிஸ்டரில் எண்களும் குறியீடுகளும் நிரப்பும்படி கட்டங்கள் இருக்கட்டும். விளக்கம் எழுதும் இடத்தை அவரவர் மொழியில் எழுதவிட்டு, காலையில் சூப்பர்வைசர் தமிழில் அதன் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்திடட்டும்.